சர்வருக்கு வைத்த சந்தனப் பொட்டு

எங்கள் முதுநகர் வீட்டின் முன்னறையில் இப்போது ஒரு மரபீரோவும் பழைய கட்டிலும்தான் இருக்கின்றன. ஆனாலும் அந்த அறையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் என் காது தானாக ஒரு சத்தத்தைத் தேடும். நான்கு கம்ப்யூட்டர்களின் விசிறிகள் ஒன்றாக ஓடும் சத்தம். தூரத்தில் படகு இன்ஜின் போவதுபோல ஒரே இழுப்பாக இருக்கும். இரண்டாயிரத்து எட்டு வாக்கில், மழைக்கு முந்தின ஒரு மாதம் முழுக்க அந்தச் சத்தத்தில்தான் நான் மத்தியானத் தூக்கம் தூங்கினேன். அப்படி ஒரு தூக்கம் அதற்கப்புறம் வாய்க்கவில்லை.

அந்தக் கம்ப்யூட்டர்கள் எங்கள் வீட்டுக்கு மீன் வண்டியில் வந்தன. என் மருமகள் அப்போது சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். சென்டர்க்காரர் புது மிஷின் வாங்கியதும் பழையதில் நான்கை ஒரு மாதத்துக்கு இவளிடம் கொடுத்தார். காலையில் சிதம்பரத்தில் மீன் இறக்கிவிட்டுக் காலியாகத் துறைமுகத்துக்குத் திரும்பும் குட்டியானை வண்டி ஒன்று எங்கள் தெருவழியாகத்தான் போகும். அதில் ஏற்றி விட்டாள். ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில் சணல் சாக்கு போர்த்திக்கொண்டு வந்து இறங்கின நான்கும். ஒரு வாரம் அறை முழுக்கச் சங்கரா மீன் வாசனை. தெருப் பூனைகள் ஜன்னலில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் பார்த்தன.

"இன்னாடி இது, சென்டர நம்ம வூட்டுக்கே மாத்திட்டியா?" என்று கேட்டேன்.

"டெஸ்ட் பண்ணப் போறேன் அத்தே. செம்மங்குப்பத்துல ஒரு கம்பெனிக்கு மெயில் சர்வர் வெக்கணும்."

அவள் அன்றைக்கு விளக்கியதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். செம்மங்குப்பத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனி. அங்கே முந்நூறு பேர் மெயில் போடுகிறார்கள், வாங்குகிறார்கள். மெயில் என்றால் கடுதாசி, ஆனால் பேப்பர் கிடையாது. எல்லாக் கடுதாசியையும் வாங்கிப் பிரித்து அவரவர் பெட்டியில் போடும் மிஷினுக்கு சர்வர் என்று பெயர். அவர்களுடைய பழைய சர்வர் மாதக் கடைசியில் எல்லாரும் ஒரே நேரத்தில் கடுதாசி போட்டால் மூச்சு வாங்கிப் படுத்துவிடும். புதுசு ஒன்று வைக்கவேண்டும். வைப்பதற்கு முன்னால் அது தாங்குமா என்று ஓட்டிப் பார்த்து அறிக்கை கொடுக்க வேண்டும். அறிக்கை அவர்களுக்குத் திருப்தியானால் அந்த சர்வரைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் இவளுக்கே.

"கெடைக்கலன்னா?" என்றேன்.

"மெட்ராஸ்ல எங்கண்ணன் ஒரு வேலை பாத்து வெச்சிருக்காரு. அதுக்குப் போயிடுவேன். எத்தினி நாளுக்கு அத்தே பஸ்ல தொங்கிக்கிட்டு சிதம்பரம் போய் வர்றது?"

போவதென்றால் அவள் மட்டும் போகமாட்டாள். இரண்டு வயசுப் பேத்தியும் போவாள். என் மகன் வெளிநாட்டில், என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து ஐந்து வருஷம். மிச்சம் நானும் பூனைகளும்தான். அதனால் அந்த சர்வர் தாங்கவேண்டும் என்று அந்தக் கம்பெனி முதலாளியைவிட நான்தான் அதிகம் வேண்டிக்கொண்டேன்.

நான்கில் ஒன்று சர்வர். மற்ற மூன்றும் சேர்ந்து முந்நூறு ஆள் மாதிரி நடிக்கும். இல்லாத ஆட்கள், இல்லாத ஆட்களுக்குக் கடுதாசி போட்டுக்கொண்டே இருப்பார்கள். வெளி ஒயர் எதுவும் அந்த அறைக்குள் வரக்கூடாது. இங்கே போடுகிற பொய்க் கடுதாசி தப்பித்தவறி நிஜ ஆளுக்குப் போய்விட்டால் வம்பு.

"ஓ, சொப்பு வெச்சு சமைக்கறது" என்றேன். "அடுப்பு இருக்கும், சோறு இருக்கும், யாரும் சாப்புட மாட்டாங்க."

அவள் சிரித்தாள். "அதேதான் அத்தே. ஆனா சொப்புலயே நெஜ சோறு வேவுற மாதிரி செய்யணும்."

அந்த முந்நூறு ஆட்களுக்கும் ஒன்று, இரண்டு என்று நம்பர்தான் வைத்திருந்தாள். எனக்குப் பாவமாக இருந்தது. ஆளுக்கு நம்பர் போட்டால் அது ஜெயில் இல்லையா? நான் சொல்லச்சொல்ல இங்கிலீஷ் எழுத்தில் மாற்றி அடித்தாள். எங்கள் தெருவில் யாருக்கும் வைத்த பெயர் நிலைக்காது, கூப்பிடுகிற பெயர்தான். நெத்திலிக்காரி, பஸ்ஸ வுட்டவரு, கேட்டு சத்தம், ரெண்டு குடை மாமா, வெத்தல ஆத்தா என்று நூறு பேர்வரை எங்கள் தெருவே வந்துவிட்டது. அதற்குமேல் ஜங்ஷன் பக்கத்து ஆட்களையும் சேர்த்தேன்.

கடுதாசியும் மூன்று அளவில் வேண்டுமாம். சின்னது, நடுத்தரம், பெரிசு. ஆபீசில் எல்லாரும் ஒரே அளவில் எழுதமாட்டார்களே. அதையும் நானே சொன்னேன். சின்னது: "வஞ்சிரம் இன்னைக்கு வேணாம்." நடுத்தரம், எதிர்வீட்டுக் கல்யாணத்தில் சாம்பாரில் உப்பு ஜாஸ்தியான கதை. பெரிசில் அந்தக் கல்யாணம் எப்படி நிச்சயமானது என்பதிலிருந்து ஆரம்பித்தேன். அவள் அடித்து முடித்துவிட்டு விரலைச் சொடுக்கெடுத்தாள்.

"அத்தே, இது ஒண்ணே போதும், சர்வர் படுத்துரும்."

நிஜமாகவே படுத்தது. முதல் வாரம் நூற்றைம்பது பேர் தாண்டினால் திணறியது. அவள் எதையோ மாற்றுவாள், மறுபடி ஓட்டுவாள், ஒரு கடுதாசி போய்ச்சேர எவ்வளவு நேரம் என்று நோட்டில் குறிப்பாள். நான் பேத்தியை ஒயரில் கை வைக்காமல் பிடித்துக்கொண்டு நிலைப்படியில் உட்கார்ந்திருப்பேன். இருநூறு ஆனது, இருநூற்றைம்பது ஆனது. முந்நூறு பேரும் ஒன்றாகப் போட்டு அது விழாமல் நின்ற அன்றைக்கு அவள் எழுந்து வந்து என் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினாள். மருமகள் மாமியார் கன்னத்தைக் கிள்ளுவது எங்கள் தெருவில் அதற்கு முன்னாலும் நடக்கவில்லை, பின்னாலும் நடக்கவில்லை.

மிச்சம் ஒரே ஒரு ஓட்டம். எழுபத்திரண்டு மணி நேரம், நடுவில் நிற்காமல். கரண்ட் கட்டு ஆரம்பித்திருந்த காலம் அது. அதற்காக இவள் சொல்லி அந்தக் கம்பெனியே ஒரு புது யூபிஎஸ் வாங்கி அனுப்பியிருந்தது. உள்ளே பேட்டரி வைத்த பெட்டி. கரண்ட் போனால் அது தாங்கிப் பிடிக்கும். தினமும் கரண்ட் போனது, தினமும் அது பிடித்தது. செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தாள். வெள்ளிக்கிழமை எட்டுக்கு முடியும். சனிக்கிழமை அறிக்கை.

வியாழக்கிழமை ஆயுத பூஜை.

சென்டரில் பூஜை என்று அவள் குழந்தையையும் தூக்கிக்கொண்டு காலையிலேயே சிதம்பரம் கிளம்பினாள். வாசலில் நின்று சொன்னாள்: "அத்தே, இந்த ரூம் பக்கம் யாரையும் வுடாதீங்க."

"யாரு வரப்போறா? நான்தான் இருக்கேன்" என்றேன். அவள் சந்தேகப்பட வேண்டியது அந்த ஆளைத்தான் என்று அப்போது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது.

நான் என் வேலையைப் பார்த்தேன். அருவாமனை, கத்தி, கிரைண்டர், மகனுடைய சைக்கிள், என் வீட்டுக்காரருடைய ஸ்பேனர் பெட்டி. எல்லாம் கழுவித் துடைத்து சந்தனம் குங்குமம் வைத்து வாழையிலையில் பரப்பினேன். அன்றைக்கு ஒரு ஆயுதமும் வேலை செய்யக்கூடாது, ஓய்வு. எங்கள் ஆட்களில் படகு இன்ஜினைக்கூட யாரும் தொடமாட்டார்கள். என் வீட்டுக்காரர் ஒரு வருஷம், கவலை மீன் கும்பலாக வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டுப் பூஜையன்று இன்ஜினைக் கிளப்பிக்கொண்டு போனார். நடுக்கடலில் நின்றுவிட்டது. வேறு படகில் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். என் மாமியார் அதை மூன்று வருஷம் சொல்லிக் காட்டினாள்.

அருவாமனைக்குப் பொட்டு வைத்து நிமிர்ந்தால், முன்னறையிலிருந்து அந்தச் சத்தம். வீட்டிலிருக்கிற எல்லாம் ஓய்வெடுக்கிறது, இந்த நான்கு மட்டும் நாளும் கிழமையும் தெரியாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. அதுவும் மருமகளின் பிழைப்பே அதில்தான் இருக்கிறது. எனக்குப் பயம் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை நடுக்கடலில் நின்றுவிட்டால்?

ஒரு பத்து நிமிஷம், என்று நினைத்தேன். யூபிஎஸ்ஸில் ஒரு பச்சைப் பொத்தான். அதை அழுத்தினேன். சத்தம் நின்றது. வீடே திடீரென்று காலியான மாதிரி இருந்தது. நான்குக்கும் சந்தனம் வைத்து, சர்வருக்கு மட்டும் கொஞ்சம் பெரிய பொட்டாக வைத்து, பூ வைத்து, கற்பூரம் காட்டி, "எம்மருமவள கைவுட்றாத" என்று சொல்லிவிட்டுப் பொத்தானை மறுபடி அழுத்தினேன். கரண்ட் வந்தால் மிஷின்கள் தானாக எழும்படி அவள் ஏற்பாடு செய்திருந்தாள். நான்கும் எழுந்தன, விளக்கு சிமிட்டின, விசிறி ஓடியது. நான் சுண்டல் தாளிக்கப் போனேன்.

மிஷின்தான் எழுந்தது. அந்த முந்நூறு ஆட்களும் எழவில்லை. கடுதாசி போடும் ஓட்டத்தை அவளே உட்கார்ந்து ஆரம்பித்தால்தான் உண்டு என்பது எனக்கு எங்கே தெரியும்?

சாயங்காலம் பொரிப் பையோடு வந்தவள் நேரே அறைக்குள் போனாள். கீபோர்டைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு குரல் மட்டும் வந்தது.

"அத்தே, காலையில பதினோரு மணிக்கு கரண்ட் போச்சா?"

பாருங்கள், பொய்யை அவளே மடித்து என் கையில் கொடுத்தாள். நான் செய்ததெல்லாம் வாங்கிக்கொண்டதுதான்.

"போச்சும்மா" என்றேன்.

"பொட்டு வெச்சிருக்கீங்க?"

"வெச்சேன். ஓடறப்பவே வெச்சேன்." ஒன்றுக்குத் துணையாக இன்னொன்று.

ஐம்பத்தொரு மணி நேரம் ஓடிய ஓட்டம் வீண் என்றாள். அதோடு முடியவில்லை. அவள் யூபிஎஸ்ஸின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். அது 'பீப் பீப்' என்று கத்திக்கொண்டு மிஷினை ஓட்டிக்கொண்டேதான் இருந்தது. மறுபடி செருகினாள், மறுபடி பிடுங்கினாள். தாங்கியது.

"இப்ப தாங்குதே, நல்லதுதான?" என்றேன்.

"இது இன்னும் மோசம் அத்தே. எப்ப தாங்கும், எப்ப தாங்காதுன்னே தெரியாத சாமான எப்படி நம்பறது? நான் சொல்லித்தான் கம்பெனியில வாங்குனாங்க."

கம்பெனி ஆபீசருக்குப் போன் போட்டாள். அவள் பேசியது மட்டும்தான் எனக்குக் கேட்டது. "யூபிஎஸ் தாங்கல சார்... ஆமா சார், நான்தான் சொன்னேன்... புதுசுதான் சார்... இல்ல சார், சர்வரும் நான்தான் செலக்ட் பண்ணேன்..." கடைசியில் ரொம்பச் சின்னதாக ஒரு "சரி சார்."

போனை வைத்துவிட்டுக் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டாள். "மெட்ராஸ் ஆளுங்களக் கூப்புட்டுக்கறாங்களாம்" என்றாள். அப்புறம் குழந்தையிடம், "மாமா வூட்டுக்குப் போலாமாடி?" என்று கேட்டாள். அந்தக் கழுதை என்னமோ கைதட்டியது.

அப்போதே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன், "சுண்டல் வெக்கட்டா?" என்றுதான் வந்தது.

மறுநாள் காலையில், மார்க்கெட்டுக்குப் போகிறேன் என்று மூன்றாவது பொய்யைச் சொல்லிவிட்டு, மீன் பையோடும் ஒரு தூக்குப் பொரிகடலையோடும் சிதம்பரம் போகும் பஸ்ஸில் ஏறிச் செம்மங்குப்பத்தில் இறங்கினேன். மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் அந்தப் பக்கம் நடக்கவேண்டும். கேட்டில் வாழைக்கன்று கட்டியிருந்தது.

"யாரப் பாக்கணும் ஆயா?" என்றார் வாட்ச்மேன்.

"மெயில் ஆபீசரு. டெஸ்ட்டு வூட்டுக்காரி வந்திருக்கேன்னு சொல்லு."

அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று பார்க்கவே உள்ளே விட்டார்கள் என்று நினைக்கிறேன். ஆபீசர் ஐம்பது வயசு மனிதர், கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டிருந்தார். மேஜைமேல் அவருடைய கம்ப்யூட்டர் அணைந்து கிடந்தது. நட்டநடுவில் சந்தனம், மேலே ஒரு முழம் கதம்பம்.

நான் சொல்ல வந்ததை மறந்துவிட்டேன். "ஏன் சார் அணைச்சு வெச்சிருக்கீங்க?"

"நேத்து பூஜையில்ல? நல்ல நேரம் வந்ததும் கற்பூரம் காட்டிட்டுத்தான் தொடணும்." பிறகு சுதாரித்துக்கொண்டு, "நீங்க யாரும்மா?" என்றார்.

"நீங்க செஞ்சதையேதான் சார் நானும் செஞ்சேன். நீங்க ஆபீசரு, உங்கள யாரும் கேக்கல."

எல்லாவற்றையும் சொன்னேன். பச்சைப் பொத்தான், பத்து நிமிஷம், போச்சும்மா என்றது. அவர் ஒரு தடவை என்னைப் பார்த்தார், ஒரு தடவை தன் கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"அந்தப் பொண்ணு இதப்பத்தி ஒரு வார்த்தை சொல்லலியேம்மா."

"அவளுக்கே தெரியாது சார்."

"மருமவகிட்ட சொல்லாம எங்கிட்ட வந்து சொல்றீங்களா?"

"உங்க திட்டு இந்த கேட்டோட போயிடும் சார். அவ திட்டுனா சாயங்காலம் மறுபடி அந்த மூஞ்சியத்தான பாக்கணும்."

அவர் சிரிக்கவில்லை. தூக்கைத் திறந்து ஒரு பிடி பொரி எடுத்து வாயில் போட்டுக்கொண்டு போனை எடுத்தார். "ஆங், நான்தாம்மா. யூபிஎஸ் நல்லாத்தான் இருக்குது. உங்க மாமியார்தான் சரியில்ல." அந்தப் பக்கம் என்ன சொன்னாளோ, கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "இன்னைக்கே மறுபடி ஓட்டுங்க. திங்கக்கெழம அறிக்கை வரணும். நடந்தத அப்படியே அதுல எழுதணும். அப்புறம் ஒண்ணு, இங்கயும் வருஷா வருஷம் பூஜைக்கு எல்லாத்தயும் நிறுத்துவோம். நிறுத்திக் கெளப்புனா நடுவுல இருக்கற மெயில் தொலையுதான்னும் பாத்து எழுதுங்க." வைத்துவிட்டு என்னிடம், "அந்த ரூமுக்குள்ள நீங்க போகக்கூடாது" என்றார்.

"அது என் வூடு சார்."

"திங்கக்கெழம வரைக்கும் எங்க வூடு."

நான் திரும்பி வந்தபோது மருமகள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். மீன் இல்லாத பையைப் பார்த்தாள்.

"மார்க்கெட்டுல இன்னா அத்தே வெல?"

"திட்டு மலிவா இருந்துச்சு" என்றேன்.

அவள் உதடு துடித்தது. அழுகையா சிரிப்பா என்று எனக்கே தெரியவில்லை. "ஏன் அத்தே நேத்தே சொல்லல? ராத்திரி பூரா அந்த யூபிஎஸ்ஸத் திட்டிக்கிட்டு இருந்தேன். வாயில்லாத சாமான்."

"வாயிருக்கறவளத் திட்டு, வாங்கிக்கறேன்."

"அதெல்லாம் வேணாம். வந்து உக்காருங்க." ஜன்னலுக்கு வெளியே ஒரு ஸ்டூலைப் போட்டாள். அவள் உள்ளே, நான் வெளியே, நடுவில் கம்பி. "பழைய கடுதாசி இந்த ஓட்டத்துக்கு ஆவாது. புதுசு வேணும். சின்னது, நடுத்தரம், பெருசு. நேத்து இன்னா நடந்துச்சுன்னு சொல்லுங்க, அடிக்கறேன்."

"யாருக்கு அனுப்புவ?"

"எல்லாருக்கும். நெத்திலிக்காரி, ரெண்டு குடை மாமா, வெத்தல ஆத்தா. முந்நூறு பேருக்கும்."

எனக்கு வெட்கமாகிவிட்டது. இல்லாத ஆட்கள்தான், இருந்தாலும் நான் பெயர் வைத்த ஆட்கள். முதலில் சின்னக் கடுதாசியைச் சொன்னேன்: "நான்தான்." நடுத்தரம்: "நான்தான் அணைச்சேன். கரண்ட் போவல. யூபிஎஸ் மேல தப்பு இல்ல, எம்மருமவ மேலயும் இல்ல." பெரியதற்குப் படகு இன்ஜின் நின்ற கதையிலிருந்து ஆரம்பித்து, என் மாமியார் மூன்று வருஷம் திட்டியது, கற்பூரம், பச்சைப் பொத்தான், செம்மங்குப்பத்துப் பொரி வரைக்கும் வந்தேன். அவள் ஒரு வார்த்தையும் வெட்டாமல் அடித்தாள்.

முதலில் ஆபீசர் கேட்டபடி நிறுத்திக் கிளப்பிப் பார்த்தாள். அதன் பிறகு எழுபத்திரண்டு மணி நேரம் ஆரம்பமானது. மூன்று நாளும் எனக்குப் பின்வாசல்தான் வழி. முருங்கை மரத்தடியில் பேத்தியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அங்கே வரைக்கும் அந்த விசிறிச் சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்துக்குள்ளே என் தப்பு ஒவ்வொரு நொடியும் தெரு முழுக்கப் போய்க்கொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். முதல் நாள் கூச்சமாக இருந்தது. மூன்றாம் நாள் அதைக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போனேன். அந்த மாதத்தின் தூக்கங்களிலேயே நல்ல தூக்கம் அது.

திங்கட்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு முன்வாசலிலிருந்து கூப்பிட்டாள். "அத்தே, இந்த வழியா வாங்க."

உள்ளே போனேன். திரையில் நீளமாக ஏதோ கணக்கு நின்றது. சர்வரின் நெற்றியில் என் பொட்டு காய்ந்து ஓரம் உதிர்ந்திருந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை.

"இன்னாடி ஆச்சு? மெட்ராஸா, செம்மங்குப்பமா?"

"ஒரு கடுதாசிகூடத் தொலையல அத்தே" என்றாள். "முந்நூறு பேருக்கும் தெரிஞ்சுபோச்சு."